கையைக் கீறினவள் ஆளை வெட்டுவாளா?

“தனக்கே இப்பிடிச் செய்யிறவள் நாளைக்கு மற்றாக்களுக்கு என்ன செய்யமாட்டாள்?”

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துவிட்டது. விடுதிப் பொறுப்பாளர்கள் கேட்கிறார்கள். ஆசிரியர்கள் கேட்கிறார்கள். சம்பந்தம் பேசப் போன இடத்தில் மாமிமார் கேட்கிறார்கள். கையில் தழும்பு இருக்கிற ஒரு பிள்ளையை விடுதியை விட்டு அனுப்பும்போது “உமக்கு ஓய்வு தேவை” என்றுதான் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போன பிறகுதான் உண்மைக் காரணம் வெளியே வருகிறது: “மற்றப் பிள்ளையளுக்கு ஏதும் செய்துபோட்டாள் எண்டால் ஆர் பதில் சொல்லுறது?”

தன்னைக் காயப்படுத்திக்கொண்ட ஒருத்தி இப்படி ஒரே இரவில் மற்றவர்களைக் காயப்படுத்தப் போகிறவளாகிவிடுகிறாள். நேற்று நோயாளி, இண்டைக்குச் சந்தேகநபர். இந்த மாற்றத்துக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒவ்வொரு ஒக்டோபர் 10ஆம் திகதியும் உலக மனநல நாளுக்கு ஒட்டப்படும் சுவரொட்டிகளின் பாஷையில், “இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, அன்பு காட்டுங்கள்” என்று சொல்லிவிட்டு நழுவ எங்களுக்கு விருப்பமில்லை. தொடர்பு இருக்கிறது. நாங்கள் அதை மறைத்தால், அதைக் கையில் எடுத்துப் பயமுறுத்துகிறவர்களுக்கு இன்னும் வசதியாகப் போய்விடும். அந்தத் தொடர்பு எங்கிருந்து வருகிறது, எந்தத் திசையில் ஓடுகிறது என்பதில்தான் எங்களுக்குச் சண்டை.

கணக்கை முழுசாப் பார்ப்போம்

2017இல் சுவீடனில் ஒரு ஆய்வு வெளிவந்தது. 1982க்கும் 1998க்கும் இடையில் பிறந்த 18 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் அரச பதிவேடுகளைப் பார்த்தார்கள். அவர்களில் சுமார் 55,000 பேர் சுயதீங்குக்காக, அதாவது தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டதற்காக, சிகிச்சை பெற்றிருந்தார்கள். அவர்கள் வன்முறைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்படும் வாய்ப்பு மற்றவர்களுடையதைவிட ஏறத்தாழ 5 மடங்கு.

“பாத்தீங்களோ, நாங்கள் சொன்னது சரிதானே” என்று விடுதிப் பொறுப்பாளர் இந்த இடத்தில் எழும்பி நிற்பார். கொஞ்சம் இருங்கோ. அதே ஆய்வில் அடுத்த படி இருக்கிறது. அவர்களுக்கிருந்த வேறு உளநோய் நிலைகளையும் சமூக பொருளாதார நிலையையும் கணக்கில் எடுத்தவுடன் அந்த 5 மடங்கு 1.8 ஆகக் குறைந்தது. நாங்கள் கீறலின் தலையில் போட்ட பழியின் பெரும் பகுதி, கீறலுக்கு முன்பே அந்த வாழ்க்கையில் இருந்த வேறு விஷயங்களுடையது.

1.8 என்பது பூச்சியம் இல்லை, அதையும் சொல்லத்தான் வேணும். ஆனால் சிறிய எண்ணொன்றின் இரண்டு மடங்கும் சிறிய எண்தான். சுயதீங்குக்குச் சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலானோர் ஒருவரையும் தாக்கித் தண்டனை பெற்றவர்கள் இல்லை. “வாய்ப்புக் கொஞ்சம் கூட” என்பதை “செய்யத்தான் போறாள்” என்று மாற்றுகிறவருக்குக் கணக்கும் தெரியாது, ஆளையும் தெரியாது.

2019இல் பிரித்தானியாவில் இன்னொரு ஆய்வு. 1994, 1995 ஆண்டுகளில் பிறந்த 2,232 இரட்டைப் பிள்ளைகளைச் சின்ன வயதிலிருந்து 18 வயது வரை தொடர்ந்து கவனித்தவர்கள் செய்தது. அங்கேயும் சுயதீங்குக்கும் வன்முறைக்கும் தொடர்பு தெரிந்தது. ஆனால் அவர்கள் அதோடு நிற்கவில்லை. தன்னை மட்டும் காயப்படுத்தினவர்களையும், தன்னையும் மற்றவரையும் காயப்படுத்தினவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டாவது கூட்டத்தில்தான் சிறுவயதில் துன்புறுத்தப்பட்டவர்கள் அதிகம். தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் திறன் குறைந்தவர்களும் அதிகம்.

எங்களுக்கு இது ஆச்சரியமாக இல்லை. அடி வாங்கின உடம்பு அந்த அடியை எங்கேயோ வைத்துக்கொள்ளத்தான் செய்யும். பெரும்பாலானோர் அதைத் தங்களுக்குள்ளேயே திருப்புகிறார்கள். சிலர் வெளியே திருப்புகிறார்கள். சிலர் இரண்டையும் செய்கிறார்கள். கீறல்தான் அடியைப் பெற்றது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இரண்டையும் பெற்றது அதற்கு முந்தின ஒரு அடி. அதை அடித்தவர் பெரும்பாலும் இந்தக் கதைக்குள் வருவதே இல்லை. சில வேளை அவரே வந்து “என்ர பிள்ளைக்கு விசர் பிடிச்சிட்டுது” என்று வாட்டில் அழுதுகொண்டு நிற்பார்.

உளநோய் என்று பொதுவாகப் பார்த்தாலும் கதை இதுதான். அமெரிக்காவில் மூன்று நகரங்களில், உளமருத்துவ வாட்டுகளிலிருந்து வீடு திரும்பிய 1,100க்கும் மேற்பட்டவர்களை ஒரு வருடம் பின்தொடர்ந்த ஆய்வொன்று 1998இல் வெளிவந்தது. மது, போதைப் பிரச்சினை இல்லாத நோயாளிகளை, அதேபோல அந்தப் பிரச்சினை இல்லாத அயலவர்களோடு ஒப்பிட்டபோது வன்முறையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. மதுவும் போதையும் சேர்ந்தபோது இரண்டு பக்கமும் வன்முறை கூடியது. நோயாளிக்கும் கூடியது, பக்கத்து வீட்டுக்காரருக்கும் கூடியது. ஆனால் எங்கள் ஊரில் குடித்துவிட்டு மனைவியை அடிக்கிறவரை யாரும் “ஆபத்தான ஆள்” என்று ஒதுக்கி வைப்பதில்லையே. அவர் “நல்ல மனுசன், தண்ணி போட்டாத்தான் கொஞ்சம்” ஆகிவிடுகிறார். கோயில் நிர்வாக சபையிலும் இருப்பார்.

மறுபக்கத்தையும் பாருங்கள். 2005இல் சிக்காகோவில் கடுமையான உளநோயுள்ள 936 பேரிடம் கேட்ட ஆய்வு ஒன்று வந்தது. அவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் அதற்கு முந்தின ஒரு வருடத்துக்குள் வன்முறைக் குற்றத்துக்கு இலக்காகியிருந்தார்கள். பொது மக்களோடு ஒப்பிட்டால் இது 11 மடங்குக்கும் மேல். அடிப்பார்கள் என்று நாங்கள் பயப்படுகிறவர்கள்தான் அடி வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொள்ள சிக்காகோவுக்குப் போகவேண்டியதில்லை. “விசரன்” என்று கத்திக்கொண்டு தெருவில் ஒருவருக்குக் கல்லெறியாத ஊர் எங்களிடம் எத்தனை இருக்கிறது?

ஒளித்து வைக்கச் சொன்னது யார்?

“சரி, ஆனா அந்தப் பிளேன்காரன்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

2015 மார்ச் 24ஆம் திகதி ஜேர்மன்விங்ஸ் விமானமொன்றின் துணை விமானி, தலைமை விமானி வெளியே போன நேரம் பார்த்து விமானி அறைக் கதவைப் பூட்டிவிட்டு, பிரான்ஸின் அல்ப்ஸ் மலையில் விமானத்தை வேண்டுமென்றே மோதவைத்தார். அவரோடு சேர்த்து 150 பேர் செத்துப்போனார்கள். தன்னைக் கொல்லும் எண்ணமும் மற்றவர்களைக் கொல்லும் செயலும் ஒரே ஆளில் சேர்ந்த சம்பவம் இது. அந்த 149 பேரின் குடும்பங்களுக்கு முன்னால் நின்று “தொடர்பே இல்லை” என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. சொல்லவும் கூடாது.

ஆனால் அந்த விசாரணை என்ன கண்டுபிடித்தது? அவர் சில வருடங்களுக்கு முன்பும் மனச்சோர்வால் பயிற்சியை இடைநிறுத்தியவர். 2015இல் மறுபடியும் நோய் வந்தபோது வைத்தியர்களிடம் போனார். விபத்துக்கு இரண்டு கிழமைக்கு முன்னர் ஒரு வைத்தியர் அவருக்கு உளமருத்துவமனைச் சிகிச்சை தேவை என்று எழுதிக் கொடுத்தார். வேலைக்குப் போகவேண்டாம் என்ற வைத்தியக் கடிதமும் இருந்தது. அது அவருடைய வீட்டில் கிழித்துப்போட்ட நிலையில் கிடைத்தது. நிறுவனத்துக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. சொன்னால் பறக்கும் அனுமதி போய்விடும், அதோடு சம்பளமும் எதிர்காலமும் போய்விடும்.

அவர் செய்ததற்கு இது மன்னிப்பாகாது. மனச்சோர்வு வந்த கோடிக்கணக்கானவர்கள் ஒருவரையும் கொல்வதில்லை. ஆனால் 2016இல் அறிக்கை எழுதிய பிரெஞ்சு விசாரணையாளர்கள், நோய் வந்த விமானிகளைத் தேடிப் பிடித்து வீட்டுக்கு அனுப்புங்கள் என்பதோடு முடித்திருக்கலாம். அவர்கள் அப்படி முடிக்கவில்லை. வைத்தியர் எப்போது இரகசியத்தை உடைக்கலாம் என்பதற்குத் தெளிவான விதி வேணும் என்றார்கள். அனுமதி இழக்கும் விமானியின் வருமானம் ஒரேயடியாக விழாமல் ஒரு ஏற்பாடு வேணும் என்றார்கள். விமானிகள் தங்கள் சக விமானிகளிடம் பயமில்லாமல் கதைக்க ஆதரவுக் குழுக்கள் வேணும் என்றார்கள். பிறகு ஐரோப்பாவில் அந்த ஆதரவுத் திட்டம் விமான நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. 150 உயிர் போன இடத்திலேயே, சொல்ல முடியாத நிலைதான் பெரிய ஆபத்து என்று விளங்கிக்கொண்டார்கள்.

எங்கள் விடுதியும் பள்ளிக்கூடமும் செய்வது இதற்கு நேர் எதிர். தழும்பு தெரிந்தால் வெளியே அனுப்புவோம் என்றால், பிள்ளை செய்வது ஒன்றுதான்: முழுக்கைச் சட்டை போடும். நாங்கள் பாதுகாப்பு என்று நினைப்பது முழுக்கைச் சட்டைகள் நிறைந்த ஒரு விடுதியைத்தான்.

1873இல் நிற்கும் நாடு

எங்கள் நாட்டில் உளநோயாளர் சம்பந்தமான சட்டம் 1873இல் பிரித்தானியர் எழுதியது. பெயரை மாற்றினார்கள், திருத்தினார்கள், ஆனால் எலும்பு அதேதான்: “சித்த சுவாதீனம் இல்லாதவர்” என்று சந்தேகிக்கப்படுகிறவரை நீதிமன்றம், காவல், அடைப்பு என்ற வழியால் கையாளுவது. புதிய சட்ட வரைவுகள் எழுதப்பட்டன, கதைக்கப்பட்டன, மேசையில் இருக்கின்றன. அந்தச் சட்டத்தின் கண்ணால் பார்த்தால் உளநோய் என்பது முதலில் ஒரு பொது ஒழுங்குப் பிரச்சினை. அந்தக் கண் சட்டப் புத்தகத்தோடு நிற்கவில்லை. எங்கள் வாயிலும் இருக்கிறது. “அங்கொடைக்கு அனுப்போணும்” என்று நாங்கள் பகிடியாகச் சொல்லும்போது ஒருவரைக் குணப்படுத்துவதையா நினைக்கிறோம்? ஊரைவிட்டு அகற்றுவதைத்தானே!

1998 வரை தற்கொலைக்கு முயற்சிப்பது இலங்கையில் தண்டனைக்குரிய குற்றம். பிழைத்து வந்தவருக்குச் சேலைன் ஏறும்போதே வழக்குப் பயமும் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பிரிவை 1998இல் நீக்கினார்கள். சட்டம் போனது, ஆனால் அந்தக் கேள்வி கேட்கும் தொனி போகவில்லை. எங்களுக்குத் தெரிந்த ஒரு தங்கச்சி, வாட்டில் கண் முழித்ததும் கேட்ட முதல் வார்த்தை “ஏன் உப்பிடிச் செய்து எல்லாரையும் கரைச்சல் படுத்துறீர்?” என்றாள். கேட்டவர் கெட்டவராக இருக்கவேண்டியதில்லை. இரவு முழுக்க நின்று களைத்த ஒருவராக இருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வியில் அவள் ஏற்கனவே குற்றவாளி.

இதே நாட்டில் இன்னொரு கதையும் இருக்கிறது, அதை நாங்கள் போதுமான அளவு சொல்வதில்லை. 1995இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு சுமார் 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். உலகிலேயே மிக மோசமான நிலைகளில் ஒன்று. பிறகு வந்த வருடங்களில் அது ஏறத்தாழ 70 வீதத்தால் குறைந்தது. ஆட்களைச் சந்தேகித்து அடைத்ததால் அது குறையவில்லை. அதிக நஞ்சுள்ள பூச்சிநாசினிகளை அரசு ஒவ்வொன்றாகத் தடைசெய்தது, அதனால் குறைந்தது. 1995க்கும் 2015க்கும் இடையில் சுமார் 93,000 உயிர்கள் இப்படிக் காப்பாற்றப்பட்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். ஆபத்தான பொருளை எட்டாத இடத்தில் வைத்தபோது “ஆபத்தான ஆட்கள்” என்று சொல்லப்பட்டவர்களில் ஆயிரமாயிரம் பேர் உயிரோடு இருந்தார்கள். அவர்களில் பலர் இண்டைக்கு யாரோ ஒருவரின் அம்மா, மாமா, கணித ஆசிரியர்.

வடக்கு கிழக்கில் இருக்கிற எங்களுக்கு இதில் இன்னொரு அடுக்கும் இருக்கிறது. போரின் காயம் ஒரு தனி ஆளின் மண்டைக்குள் நிற்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்து உடைக்கிறது என்று உளமருத்துவர் தயா சோமசுந்தரம் வருடக்கணக்காக எழுதிவந்திருக்கிறார். கூட்டு உளக்காயம் என்று அதைச் சொன்னார். அப்படி உடைந்த ஒரு வீட்டில் அப்பா குடிக்கிறார், அம்மா அடி வாங்குகிறார், மகள் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டுகிறாள். மூன்று பேரில் யாருக்கு “விசர்” என்ற பெயர் கிடைக்கும்? மகளுக்கு.

நோயின் பெயரில் தப்புகிறவர்கள்

இதே சொல்லை வைத்துத் தப்புகிறவர்களும் இருக்கிறார்கள். மனைவியைக் கொன்றுவிட்டுத் தானும் உயிரை மாய்த்துக்கொண்ட கணவனைப் பற்றிய செய்தியை வாசித்துப் பாருங்கள். “மன உளைச்சல்”, “விரக்தி” என்ற சொற்கள் அங்கே தவறாமல் வரும். அவள் எத்தனை முறை பொலிஸுக்குப் போனாள், எத்தனை முறை “குடும்பப் பிரச்சினை, கதைச்சுத் தீருங்கோ” என்று திருப்பி அனுப்பப்பட்டாள் என்பது பெரும்பாலும் வராது. அவருக்கு உளநோய் இருந்ததோ இல்லையோ, அவள் தன்னை விட்டுப் போகக்கூடாது என்று நினைத்தது நோய் இல்லை. அது உரிமை கொண்டாடுவது. அதை நாங்கள் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லிக் கொடுத்தோம்.

இதன் சின்ன வடிவம் எங்கள் வயதுக்காரருக்கு நல்லாத் தெரியும். “நீ இல்லாட்டி நான் செத்துப்போவன்.” பிறகு வட்ஸ்அப்பில் இரத்தம் தெரியும் ஒரு படம். சினிமா இதை உண்மைக் காதல் என்று எங்களுக்கு விற்றிருக்கிறது. நாங்கள் சொல்கிறோம்: அந்த வலி உண்மையாக இருக்கலாம், அதை இன்னொருத்தியின் கழுத்தில் கட்டுவது வன்முறைதான். ஒரே செயலில் இரண்டும் இருக்க முடியும். அப்படி ஒரு படம் வந்தால் அவளுக்கு இருக்கும் கடமை உறவைத் தொடருவது இல்லை. அவனுடைய வீட்டுக்காரருக்கோ நண்பனுக்கோ உடனே அறிவித்து அவனுக்கு உதவி கிடைக்கச் செய்தால் போதும். அவனைக் காப்பாற்றும் ஒரே ஆளாக அவளை நிறுத்துவது அவனுக்கும் நல்லதில்லை, அவளுக்கும் நல்லதில்லை.

அதற்காக, தன்னைக் காயப்படுத்துகிற எல்லோரையும் “கவனத்தை இழுக்கச் செய்யினம்” என்று தள்ளிவிடவும் வேண்டாம். பெரும்பாலானோர் அதைப் படம் எடுத்து அனுப்புவதில்லை. ஒளிக்கிறார்கள். ஒருவர் உண்மையிலேயே கவனத்தைத்தான் கேட்கிறார் என்றால், கேட்கிற அளவுக்கு அது அவருக்குக் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

நாங்கள் கேட்பது

விடுதிகளும் பள்ளிக்கூடங்களும் தழும்பைப் பார்த்து மாணவரை வெளியேற்றுவதை நிறுத்தவேண்டும். உண்மையிலேயே யாராவது இன்னொருவரை மிரட்டினாலோ அடித்தாலோ அந்தச் செயலுக்கு நடவடிக்கை எடுங்கள், அவருக்கு நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும். செய்யாத ஒன்றுக்காக, நோயின் பெயரால் தண்டிக்காதீர்கள்.

வாட்டில் சுயதீங்கோடு வருகிற ஒவ்வொருவரிடமும் தனியாக, வீட்டு ஆட்கள் பக்கத்தில் இல்லாமல், “உங்களுக்கு ஆரும் அடிக்கிறவையோ? வீட்டுக்குத் திரும்பிப் போகப் பயமோ?” என்று கேட்கப்படவேண்டும். மதுவைப் பற்றியும் கேட்கவேண்டும், நோயாளியின் மதுவை மட்டுமில்லை, அந்த வீட்டின் மதுவையும். சுயதீங்கும் வன்முறையும் சந்திக்கிற இடத்தை அறிய இந்தக் கேள்விகள்தான் வழி. ஒருவர் மற்றவரையும் காயப்படுத்தக்கூடும் என்ற அறிகுறி இருந்தால் அதுவும் பயமில்லாமல் கதைக்கிற ஒரு சூழலில்தான் வெளியே வரும். விரட்டினால் வராது.

பத்திரிகைகளும் யூரியூப்காரரும், வைத்தியர் சொல்லாத உளநோயைத் தலைப்பில் போடுவதை நிறுத்தவேண்டும். 1873ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக, சிகிச்சையையும் உரிமையையும் முன்வைக்கும் சட்டம் வரவேண்டும். அது தமிழில் கதைக்கும் உளமருத்துவர்களையும் உளவளத்துணையாளர்களையும் எங்கள் வைத்தியசாலைகளுக்குக் கொண்டுவராவிட்டால் வெறும் கடதாசிதான்.

எங்களிடமும் ஒன்று கேட்கிறோம். கையில் தழும்போடு உங்களுக்குப் பக்கத்தில் யாராவது இருந்தால் “இவள் ஆருக்கு என்ன செய்வாள்?” என்ற கேள்வியை விட்டுவிட்டு, “இவளுக்கு ஆர் என்ன செய்தது?” என்று யோசியுங்கள். பிறகு போய்ப் பக்கத்தில் இருங்கள். உபதேசம் வேண்டாம். “இண்டைக்கு எப்பிடி இருக்கிறீர்?” போதும்.

இதை வாசிக்கிற உங்களுக்கே அந்த எண்ணம் இருந்தால், தனியாக இருக்காதீர்கள். நம்பிக்கையான ஒருவருக்கு இப்பவே சொல்லுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. 1333 என்ற இலக்கத்திலும் இலவசமாகக் கதைக்கலாம். பக்கத்து வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கும் போகலாம். யாருக்கும் கரைச்சல் கொடுக்கிறோம் என்று நினைக்கவேண்டாம். உங்களைச் சந்தேகிக்கிற ஊரோடு சண்டை போடுகிற வேலையை எங்களிடம் விடுங்கள்.